இப்பெயரில் ஆள் இல்லை

‘முப்பது வருடமாக’ – இப்பெயரில் ஆள் இல்லை. ‘உப்பு வாரும்’ – இப்பெயரில் ஆள் இல்லை. ‘நாலாம் பாத்தி, கிழக்கு’ – இப்பெயரில் ஆள் இல்லை. தவசிமுத்து அந்தத் தாளை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியும் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு நகர்வதுபோல் இருந்தது. வெள்ளத்தரவை உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பத்தெட்டு வருடம் செயலாளராக இருந்தவன், எழுபத்தொரு வயதில், ஒரு மெஷினிடம் இந்தப் பதிலை வாங்க வேண்டியிருக்கிறது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். உப்பளத்தை மூடி நிலக்கரி கொட்டும் தளமாக்க ஒரு கம்பெனிக்கு ஆசை வந்திருக்கிறது, ஜனங்களுக்கு அதில் சம்மதமா என்று கேட்கிறார்களாம். கேட்கிறவன் நேரே வந்து கேட்க வேண்டியதுதானே. அப்படிக் கேட்க மாட்டான். பேசப்போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே இணையத்தில் ஏற்ற வேண்டும், ஒரு சங்கத்துக்கு நூறு பெயர், தலைக்கு மூன்று நிமிஷம், பட்டியலில் இல்லாதவருக்கு மைக் கிடையாது, இன்று மாலை ஐந்து மணியோடு அந்த வாசலும் அடைபடும். சுவரில் மணி மூன்று பத்து. நூறு பேரையும் போன வாரமே சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே தட்டி அனுப்பியிருந்தார். வந்த பதில் இதுதான்: பெறப்பட்ட பெயர்கள் 237, அனுமதிக்கப்பட்ட அளவு 100, நீக்கப்பட்டவை 137, மீதியில் வாக்காளர் பட்டியலோடு பொருந்தியவை 9. நூறு பேரை அனுப்பினால் இருநூற்று முப்பத்தேழு பேர் எப்படி வந்தார்கள் என்பதுகூட அப்புறம். அந்த ‘நீக்கப்பட்டவை’ என்ற சொல்லில்தான் அவர் போய்ப் போய் முட்டினார். அந்தச் சொல்லை அவருக்குத் தெரியும். உப்பளக் கம்பெனியின் கேட்டில் பசை காயாமல் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் அதைப் பார்த்திருக்கிறார், அதைக் கிழித்ததற்கு இரண்டு தடவை லாக்கப்பில் இருந்திருக்கிறார். இதை எங்கே போய்க் கிழிப்பது.

“ஐயா, முதல்ல உக்காருங்க” என்றாள் ஜாஸ்பின். கம்ப்யூட்டர் சென்டர் அவளுடையது. சென்னையில் எட்டு வருடம் புரோகிராம் எழுதும் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த அறையைப் பிடித்திருப்பவள். பென் டிரைவில் அவர் கொண்டுவந்ததைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. “இதை நீங்களேவா டைப் பண்ணினீங்க?” “பின்ன, ஆள் வச்சா பண்ணுவேன்.” “வரிக்கு வரி என்டர் தட்டியிருக்கீங்களே.” “வரி முடிஞ்சா தட்டத்தானே வேணும்.” சொன்ன பிறகுதான் வலது கை தானாக மேலே போய் வெறும் காற்றை இடமிருந்து வலமாகத் தள்ளியதைக் கவனித்தார். சங்கத்தின் பழைய டைப்ரைட்டர். ஓரம் வந்ததும் மணி ஒன்று அடிக்கும், உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும், தள்ளாவிட்டால் எழுத்துமேல் எழுத்து விழுந்து ஸ்டென்சில் பாழ். முப்பது வருடத்தில் ஒரு ஸ்டென்சிலைக்கூட அவர் பாழாக்கியதில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் மணி அடிக்கவில்லை, அவரே காதுக்குள் அடித்துக்கொண்டு, தாளின் அகலத்துக்கு வரி வந்தவுடன் என்டரைத் தட்டியிருக்கிறார். சுத்தமான வேலை. ஓரம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அதற்கா இந்தப் பதில். “நான் காட்டுறேன் பாருங்க” என்று ஜாஸ்பின் இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். “பேரு போடுற அந்தப் பெட்டிக்குள்ள நீங்க எத்தனை வரி போட்டாலும் மெஷினுக்கு அது ஒரே நீளம்தான், ஐயா. கயிறு மாதிரி. நீங்க என்டர் தட்டின இடத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து உக்காந்திருக்கும். புரோகிராம் அந்த எழுத்தைப் பார்க்கிற இடத்துலெல்லாம் வெட்டும். வெட்டி விழுந்த துண்டை ஒண்ணொண்ணா அடுக்கும். ஒரு துண்டுக்கு ஒரு ஆளு. அது என்ன எழுதியிருக்குன்னு படிக்காது.” அவள் ஒரு பட்டனைத் தட்ட, திரையில் வரிசையாக வந்தது. பூச்சியம்: அல்போன்ஸ், வயது அறுபத்தாறு, ஆறாம் பாத்தியில். ஒன்று: முப்பது வருடமாக. இரண்டு: உப்பு வாரும். “முதல் ஆளு எதுக்குப் பூச்சியம்?” “அப்படித்தாங்க ஐயா, எண்ணுறது பூச்சியத்துல ஆரம்பிக்கும்.” “எந்த முதலாளி கண்டுபிடிச்சான் இதை?” இந்தத் தடவை அவள் சிரித்தேவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. படிக்காதாம். வெட்டுமாம், ஆனால் படிக்காதாம். படிக்காமல் வெட்டுகிறவர்களை அவருக்குப் புதிதாக யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மனுவை வாங்கி மேல்வரியைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தியவன்கள், பேச்சுவார்த்தைக்கு வந்து கொட்டாவி விட்டவன்கள், எத்தனை பேர். அந்த நூறு பேரைப் பற்றி அவர் எழுதியிருந்தது வெறும் பெயர்ப் பட்டியலா. ஒவ்வொரு ஆளுக்கும் வயது, பாத்தி, எத்தனை வருடம் நிற்கிறார், கண்ணில் என்ன கோளாறு, காலில் என்ன புண், எல்லாம் இருந்தது. ஒரு ஆள் என்றால் அவன் என்ன அனுபவித்தான் என்பதுதான் ஆள். அதை அவருக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்கு வந்தவர் அவர். டீக்கடைப் பெஞ்சில் கிடந்த துண்டுப் பிரசுரங்கள்தான் அவருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தந்தன. ‘சுரண்டல்’ என்ற சொல்லைத் தன் பெயரை எழுதுவதற்கு முன்பே எழுதத் தெரிந்தவர் என்று மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறார். பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். மொத்தம் எத்தனை நோட்டீஸ் என்று எண்ணியதில்லை, ஆனால் ஒவ்வொன்றின் முதல் வரியும் மனப்பாடம். உப்பளத்தில் பெண்களுக்குக் குடிதண்ணீரும் ஒதுங்க ஒரு மறைவும் கேட்டு இருபத்திரண்டு நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்கு ஒன்பதாயிரம் பிரதி போட்டார். எங்கள் தாய்மார்களின் நாக்கு உப்புக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பிக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பையன்கள் அழுதார்கள். நாளை மறுநாளுக்கான பேச்சையும் இரண்டு மாதமாக மனதுக்குள் கட்டி வைத்திருக்கிறார். நடக்கும்போது ஒரு வாக்கியம், குளிக்கும்போது ஒரு வாக்கியம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு நொடி கூடாது. கடைசிப் பேச்சு அவருடையது, தலைவன் கடைசியில்தான் பேச வேண்டும், அவர் பேசி முடித்த பிறகு அதிகாரி தண்ணீர் குடிக்க வேண்டும், அது சங்க வழக்கம். இப்போது ‘முப்பது வருடமாக’ என்று ஒருவன் மைக் முன்னால் வந்து நிற்பானா.

“விடுங்க, சரிபண்ணிடலாம்” என்றாள் அவள். எல்லா வரியையும் முதலில் ஒட்டிச் சேர்த்து, அவர் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் வரிசை எண் போட்டிருந்ததால் அந்த எண்களைப் பார்த்து வெட்டச் சொல்லி, முதல் காற்புள்ளிக்குப் பிறகு வருவதையெல்லாம் உதறச் சொல்லி, பத்து நிமிஷத்தில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது போயிற்று. பாத்தி போயிற்று. கண் போயிற்று, கால் போயிற்று. அல்போன்ஸ். சங்கிலிபூதத்தான். மிக்கேல். அருணாசலவடிவு. பெயர்கள் சட்டையில்லாமல் மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நிற்பதுபோல் நின்றன. ஜாஸ்பின் அவற்றை இணையப் பெட்டியில் ஒட்டினாள். ஐம்பத்தொன்பது வரையும் பச்சை நிறம் வந்தது, வாக்காளர் பட்டியலில் பொருந்துகிறது என்று அர்த்தம். அறுபதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை சிவப்பு, நூறாவதாக நின்ற அவர் பெயர் மட்டும் பச்சை. நாற்பது வரி, ஒன்று விடாமல் சிவப்பு. ஜாஸ்பின் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். சுப்பையா சம்சாரம். பால்பாண்டி சம்சாரம். முனியாண்டி சம்சாரம். லிங்கத்துரை சம்சாரம். “ஐயா, இது பேரு இல்லையே.” “இதுதான் பேரு. சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்.” “இல்லங்க ஐயா, இவங்க பேரு.” அவர் வாயைத் திறந்தார். சுப்பையா சம்சாரத்தின் முகம் கண்முன்னால் நின்றது, முன்பல் ஒன்று இல்லாதது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியில் விழுந்த மூன்று கோடு, உப்பு வாரும் பலகையைப் பிடிக்கும்போது இடது கையைத் தாழப் பிடிப்பது, இருபத்தாறு வருடம். பெயர் வரவில்லை. “வாக்காளர் பட்டியல்ல புருசன் பேரை வச்சுத் தேடிப் பார்ப்போமா” என்றாள் அவளே, தேடினாள், வெள்ளத்தரவையில் பதினோரு சுப்பையாக்கள் இருந்தார்கள்.

மெஷின்மேல் கோபம் வந்தது, அது வழக்கமான கோபம், சௌகரியமான கோபம். அதன் அடியில் வேறொன்று கிளம்பியது, அதை எங்கே திருப்புவது என்று தெரியவில்லை. அவர் என்ன செய்தார். எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார், எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினார். உறுப்பினர் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பதிவேட்டை எழுதியது யார். அவர். பிறந்த பெயர் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்கலாம். நினைத்தாரா, அல்லது இப்போதுதான் அப்படி நினைத்ததாக நினைக்கிறாரா. மேடையில் தாய்மார்களே என்பார், சகோதரிகளே என்பார், உழைக்கும் பெண்ணினமே என்பார். லத்தி வந்த அன்று முன்வரிசையில் உட்கார்ந்தது அவர்கள்தான், போலீஸ்காரன் வேனில் ஏற்றும்போது ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டான், அவர்கள் சொன்னார்கள், அவன் எழுதிக்கொண்டான். போலீஸ்காரன் கேட்டிருக்கிறான். அது எப்படி இத்தனை நாள் கழித்து இன்றைக்குப் பார்த்து ஞாபகம் வருகிறது. வீட்டிலும் செத்துப்போனவளை இந்தா என்றுதான் கூப்பிட்டார், கல்யாணப் பத்திரிகையிலும் சாவு நோட்டீஸிலும்தான் வேலம்மாள் என்ற பெயரை அச்சில் பார்த்தார், இரண்டுக்கும் அவரே புரூஃப் பார்த்தார். போதும். இதையெல்லாம் நினைக்க இதுவா நேரம். மணி மூன்று ஐம்பது. நாற்பது பேர் இல்லாமல் அறுபது பேரோடு அனுப்பிவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது, ஆண்கள் பேசினால் போதாதா, இதுவரை அவர்கள்தானே பேசினார்கள். அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. பாத்திக்குள் நிற்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கம்பெனி வக்கீல் எழுந்து கேட்பான், இவர்கள் எல்லாம் யாருடைய பிரதிநிதிகள் என்று.

போனை எடுத்தார். அதில் சுப்பையா வீடு என்றுதான் சேமித்திருந்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பின்னால் ஒரே இரைச்சல். “என்ன அண்ணாச்சி இந்நேரத்துல, தண்ணி லாரி வந்து நிக்கி, சட்டுன்னு சொல்லுங்க.” “உன் பேரு வேணும்.” “என் பேரா?” “பட்டியலுக்கு. எல்லாப் பொம்பளையாளுக பேரும் வேணும், அஞ்சு மணிக்குள்ள.” அந்தப் பக்கம் ஒரு குடம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. “எத்தனை வருசமா நான் சங்கத்துல இருக்கேன் அண்ணாச்சி?” “இருபத்தாறு.” “அது மட்டும் கரெக்டா தெரியுது” என்றவள் போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “ஏட்டி, எல்லாரும் இங்க வாங்கட்டி, செயலாளருக்கு நம்ம பேரு தெரியணுமாம். ரொம்ப அவசரமாம்.” சிரிப்பு. அவர் எதிர்பார்த்தது சண்டை, சண்டைக்கு அவருக்குப் பதில் உண்டு, சிரிப்புக்கு இல்லை. யாரோ ஒருத்தி, “ஊசி போட வார நர்ஸம்மா ரெண்டாந்தடவை வந்தப்பவே என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டாவ” என்றாள். இன்னொருத்தி, “அவருக்கு நம்ம காலுப் புண்ணு தெரியும்ட்டி, கண்ணுல பூ விழுந்தது தெரியும், பேரு மட்டுந்தான் தெரியாது” என்றாள். அவர் காது சுட்டது. நோட்டீஸ்காரர், எழுத்துக்காரர், ஊரையே பேச்சால் கட்டிப் போட்டவர், கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் லாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார். “நேரமாகுது, சொல்லு” என்றார், குரலில் அதிகாரம் இருக்கிற மாதிரி. “என் பேரைக் கடைசியா சொல்லுதேன். மொதல்ல இவளுவளை எழுதிக்கிடும். நீரு ஆம்பளை பேரைச் சொல்லும், நான் பொண்டாட்டி பேரைச் சொல்லுதேன், அப்படித்தானே உமக்கு வழக்கம்.”

ஜாஸ்பின் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள், தானே தட்டுகிறேன் என்று அவர் கையை நீட்டியிருந்தார். “பேரு, என்டர். பேரு, என்டர். வேற ஒண்ணும் கூடாதுங்க ஐயா.” பால்பாண்டி என்றார், ஆறுமுகத்தாய் என்றாள். லிங்கத்துரை, பட்டுக்கனி. மரியதாஸ், தங்கபுஷ்பம். ஆறுமுகத்தாய் என்று தட்டியபோது ஒரு முகம் அந்தப் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இதுநாள்வரை பால்பாண்டியின் நிழலில் நின்ற முகம், அது தன்பாட்டுக்கு நிமிர்ந்து பார்த்தது. இசக்கியம்மாள். சொர்ணக்கிளி. சொர்ணக்கிளி என்ற பெயரை வைத்துக்கொண்டா அந்தக் கறுத்த பெரிய உருவம் இருபது வருடம் வாயே திறக்காமல் உப்பு சுமந்தது. பக்கத்தில் வயதைப் போட வேண்டும், எத்தனை வருடம் என்று போட வேண்டும் என்று விரல் துடித்தது, என்டரைத் தட்டி அடக்கினார். ஒவ்வொரு பெயரும் பச்சையாக மாறியது. முத்துப்பேச்சி, பச்சை. அந்தோணியம்மாள், பச்சை. அந்த மெஷினுக்கு இவர்களை முன்பே தெரிந்திருந்தது. “முனியாண்டி சம்சாரம்” என்றார். “எந்தச் சம்சாரம்?” “முனியாண்டிக்கு எத்தனை?” “ரெண்டு. மூத்தவ உச்சிமாகாளி, இளையவ சந்தனமாரி. பதினாலு வருசமா ஒரே பாத்தியில எதிரெதிர நின்னு உப்பு வாருதாளுவ, ஒருத்திக்கொருத்தி பேச்சு கிடையாது. நீரு ரெண்டு பேரையும் ஒரே வரியில போட்டு வச்சிருக்கீராக்கும்.” பின்னாலிருந்து ஒரு கனமான குரல் வந்தது: “அவளும் நானும் ஒரே வரியிலயா? அப்ப நான் வரலைன்னு சொல்லு.” இன்னொரு குரல், “அவ வரலைன்னா ரொம்ப நல்லது, என் பேரைப் போடச் சொல்லுக்கா” என்றது. லாரியே சிரித்தது. அவர் உச்சிமாகாளி என்று ஒரு வரியும் சந்தனமாரி என்று ஒரு வரியும் தட்டினார். கடைசியாகச் சுப்பையா என்றார். “பேச்சிக்கனி” என்றாள், கொஞ்சம் கூச்சத்தோடு, யாரோ பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல். “பேச்சிக்கனி. போட்டாச்சா? லாரி கிளம்புது” என்று வைத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் கீழே, தன் வழக்கப்படி, தவசிமுத்து என்று தட்டினார். ஜாஸ்பின் அனுப்புவதற்கு மவுஸை நகர்த்தினாள், நகர்த்தியவள் நின்றாள். பெட்டிக்கு அடியில் சின்ன எழுத்தில் 101 என்று காட்டியது, அனுப்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. “ஒண்ணு கூடிட்டு ஐயா. முனியாண்டி வீட்டு ஆளு ஒண்ணு. யாரையாவது எடுக்கணும்.” மணி நாலு முப்பத்தொன்பது. யாரையாவது. அவர் மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். முதல் வரியிலேயே இருந்தது பதில். அல்போன்ஸ். எடுக்க வேண்டியவன் ஒருவன் இருந்தால் அவன் இவன்தான். சங்கத்தை இரண்டாக்கிக்கொண்டு அறுபது பேரோடு போனவன், இந்த நூறில் அவன் பெயரைச் சேர்த்ததே தன் பெருந்தன்மை. ஓர் அழுத்து, போய்விடுவான், ஐந்து மணிக்கு மேல் யார் கேட்டாலும் மெஷின் வெட்டிவிட்டது என்று சொல்லலாம், எல்லோரும் நம்புவார்கள், மெஷின் படிக்காது. விரல் அங்கேயே நின்றது. ஆனால் உப்பளத்துக்கு அரசு நிலம் கொடுத்த பழைய வரைபடம் அல்போன்ஸிடம்தான் இருக்கிறது, சர்வே எண் சர்வே எண்ணாகச் சொல்வான், கோபப்படாமல் சொல்வான், கோபப்படாமல் பேசுகிறவனைத்தான் அதிகாரிகள் எழுதிக்கொள்வார்கள். வடக்குக்கரை உப்பளத்துக்காகப் பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி நடந்த கூட்டத்திலும் அவன் கோபப்படவில்லை. அன்றைக்குத் தவசிமுத்து மேஜையைத் தட்டினார், இது கண்துடைப்பு என்றார், வெளிநடப்பு என்று அறிவித்தார், எழுபது பேரும் அவர் பின்னால் வெயிலுக்கு வந்தார்கள், முழக்கம் கடல்வரை கேட்டது. போகாதே தவசி, உள்ளே உட்கார்ந்து எழுதிக் கொடு என்று கையைப் பிடித்தவன் அல்போன்ஸ். கையை உதறிவிட்டு வந்தார். கூட்டக் குறிப்பில் எழுதினார்கள்: ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கப்படவில்லை. அந்த வரியை அவர் யாரிடமும் காட்டவில்லை. வடக்குக்கரையில் இப்போது கரித்தூள் பறக்கிறது. அங்கே பாத்தி கட்டியவர்கள் எங்கெங்கோ கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்களைப் பஸ்ஸில் பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லையே, கண்துடைப்பு கண்துடைப்புதான். சரி, சொன்னது சரி. எழுந்து வந்தது. எழுந்து வந்ததுதான்.

கீழே இறங்கினார். மிக்கேலை எடுக்கலாமா, காது கேட்காது, மைக் கொடுத்தாலும் நிறுத்தமாட்டான். ஆனால் உப்பு வெயிலில் போன மிக்கேலின் கண்ணை அதிகாரி பார்க்க வேண்டும். சங்கிலிபூதத்தானை எடுத்தால் அவன் சாதிக்காரர்கள் பத்துப் பேரும் வரமாட்டார்கள். இன்னும் கீழே, பெண்கள். ஆறுமுகத்தாய். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவர்களில் எவளையும் யோசிக்காமல் வெட்டியிருப்பார், ஒரு சம்சாரம் போனால் என்ன என்று. இப்போது கர்சர் ஒவ்வொரு பெயரிலும் உரசி நகர்ந்தது. உச்சிமாகாளியா சந்தனமாரியா என்று கேட்டால் அந்த இரண்டு பேரும் பதினாலு வருடத்தில் முதல்தடவையாகச் சேர்ந்துகொண்டு அவரை அடிக்க வருவார்கள். “ஐயா, நாலு ஐம்பது” என்றாள் ஜாஸ்பின், மெல்ல. கடைசி வரி. தவசிமுத்து. இரண்டு மாதமாகக் கட்டிய பேச்சு, நொடி பிசகாமல், இதைவிட நல்ல பேச்சை அவர் வாழ்நாளில் கட்டியதில்லை, அவருக்கே தெரியும். இனிமேல் ஒன்று கட்டவும் உடம்பு இடம் தராது. அவர் பேசாத கூட்டம் ஒரு கூட்டமா. அவர் இல்லாமல் இவர்கள் என்ன பேசுவார்கள், தடுமாறுவார்கள், அழுவார்கள், வீட்டுக்கதை பேசுவார்கள், கம்பெனி வக்கீல் சிரிப்பான். அதைக் கேட்டுக்கொண்டு அவர் தொண்டைக்குள் முழு வாக்கியங்களோடு பின்வரிசையில் உட்கார வேண்டும். யார்மேல் இந்தக் கோபம். நூறு என்று அளவு வைத்தவன்மேல். முனியாண்டிமேல், அவனுக்கு எதற்கு இரண்டு. இந்தப் பெண்மேல், எதையும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே. கோபம் எல்லா இடத்துக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, படி ஏறிய நாய்போல் அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பேக்ஸ்பேஸில் விரலை வைத்தார். து, த், மு, சி, வ, த. ஒவ்வொரு எழுத்தாகத்தான் அழித்தார், மொத்தமாக அழிக்கும் வழி தெரிந்திருந்தும்.

எண் மாறவில்லை. 101. அவர் ஜாஸ்பினைப் பார்த்தார், இந்த மெஷின் தன்னை வேண்டுமென்றே இழிவுபடுத்துகிறது என்பதற்கு அவள் சாட்சி என்பதுபோல். “பேரைத்தான் அழிச்சிருக்கீங்க ஐயா. வரி அப்படியே கிடக்கு. அதுல எழுத்தே இல்லாட்டியும் அது ஒரு ஆளுன்னு எண்ணிக்கும். இன்னொரு தடவை தட்டணும்.” பெயர் போன பிறகும் அந்த இடத்தில் கர்சர் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லாத வரி, ஆனாலும் ஓர் ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டு. அவர் இன்னொரு தடவை தட்டினார். கர்சர் ஒரு வரி மேலே ஏறிப் பேச்சிக்கனி என்ற பெயரின் தோளோரம் போய் நின்றது. 100. பொத்தான் தெளிந்தது, ஜாஸ்பின் அழுத்தினாள், பெறப்பட்டது என்று வந்தது, நாலு ஐம்பத்து மூன்று. அவர் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. “போயிருச்சா அண்ணாச்சி?” “போயிருச்சு.” “ரெண்டு பேரும் தனித்தனி வரியிலதானே? இங்க இன்னும் சண்டை ஓயலை.” “தனித்தனிதான்.” “சரி. நீரு கடைசியா பேசுறப்ப அந்தத் தண்ணி விசயத்தையும் சொல்லிரும்.” “கடைசியா பேசுறது நான் இல்ல” என்றார். “உன் பேருதான் கடைசியில இருக்கு.” நிஜமாகவே பயந்த குரலில், “நானா? மூணு நிமிசத்துக்கு நான் என்னத்தைப் பேசுவேன்?” என்றாள் பேச்சிக்கனி. அவருக்குக் கோபம் மண்டைவரை ஏறியது. “லாரிகிட்ட நின்னு இவ்வளவு நேரம் என்னைப் பேசினியே” என்றார், “அதுல பாதியை அவன்களைப் பேசு, போதும்.”